நான்கு தபால்தலைகளில் இரண்டு: ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பின் பரிந்துரைக் குழு உறுப்பினர்கள்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். ‘ஃப்ரீ’ என்ற இங்கிலாந்துக் குழு 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட நேரடி நிகழ்ச்சி இசைத்தட்டின் அட்டையை உங்களில் பலர் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். தபாலில் வந்த ஓர் உறையைப் போலவே அதை வடிவமைத்திருந்தார்கள். தபால்தலைகள் இருக்கவேண்டிய இடத்தில் குழுவின் நான்கு இளைஞர்களுடைய முகங்கள் இருந்தன. பாடகர் பால் ராட்ஜர்ஸ், கிதார் வாசித்த பால் காஸாஃப், பேஸ் கிதார் வாசித்த ஆண்டி ஃப்ரேசர், டிரம்ஸ் வாசித்த சைமன் கிர்க் என்பவர்களே அந்த நால்வர். அரை நூற்றாண்டு கடந்த பிறகும் அந்த நான்கு தபால்தலைகளில் இரண்டு மட்டுமே உங்கள் மண்டபத்தில் செல்லுபடியாகின்றன என்பதை எடுத்துச் சொல்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடும் சிரமத்தைத் தருகிறேன் என்பது தெரியும். ஆனால் இந்த இசையைப் பற்றி நண்பர்களோடு நான் வாதாடியதும், சண்டையிட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்ததும், பிறகு சமாதானமானதும் எல்லாம் தமிழில்தான் நடந்தன. மனு மட்டும் வேறு மொழியில் இருந்தால் அது என்னுடைய மனுவாக இராது. இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் அருங்காட்சியகம் இருக்கும் கிளீவ்லாந்து என்ற அமெரிக்க ஊரின் பெயர் எங்களில் பலருக்கு ராக் இசையால் அறிமுகமானதன்று. 1978 முதல் ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி அங்கே நடந்துவரும் தியாகராஜ ஆராதனையால்தான் அந்த ஊர் எங்கள் வீடுகளில் மயிலாப்பூருக்கு அடுத்த தெருவைப் போலப் பேசப்படுகிறது. ஈரி ஏரிக்கரையில் கண்ணாடிக் கூம்பாக நிற்கும் உங்கள் அருங்காட்சியகத்தை நான் முதலில் பார்த்தது, ஆராதனைக்குப் போயிருந்த உறவினர் ஒருவர் எடுத்தனுப்பிய புகைப்படத்தில்தான். அவருக்கு அது என்ன கட்டடம் என்று தெரியாது; “ஏதோ பாட்டு மியூசியமாம்” என்று எழுதியிருந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2025ஆம் ஆண்டு நீங்கள் பேட் கம்பெனி குழுவை மண்டபத்தில் சேர்த்தீர்கள். நவம்பர் 8ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த விழாவில் பால் ராட்ஜர்ஸ், சைமன் கிர்க், மிக் ரால்ஃப்ஸ், பாஸ் பர்ரெல் ஆகிய நால்வரும் முறைப்படி உறுப்பினர்களானார்கள். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. தாமதமாகவேனும் செய்தீர்கள் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பேட் கம்பெனி வானத்திலிருந்து குதித்த குழு அன்று. 1973இல் ஃப்ரீ கலைந்தபோது, அதன் பாடகரும் டிரம்ஸ் வாசித்தவரும் மாட் தி ஹூப்பிள் குழுவிலிருந்து வந்த ரால்ஃப்ஸுடனும் கிங் கிரிம்சனில் இருந்த பர்ரெலுடனும் சேர்ந்து தொடங்கியதுதான் அது. தாய்வீட்டை விட்டுவிட்டு மறுவீட்டுக்கு மட்டும் சீர் செய்தது போல, நீங்கள் இரண்டாவது குழுவுக்கு மரியாதை செய்துவிட்டு முதல் குழுவை வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள். அதன் விளைவு என்னவென்றால், ஃப்ரீயின் நால்வரில் உயிரோடு இருக்கும் இருவரும் உள்ளே இருக்கிறார்கள். இறந்துபோன இருவரும் வெளியே இருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் மற்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். 1968இல் அந்தப் பையன்கள் முதன்முதலாகக் கூடி வாசித்தபோது கேட்டுவிட்டு, அவர்களுக்கு ஃப்ரீ என்று பெயர் சூட்டியவர் அலெக்சிஸ் கோர்னர். இங்கிலாந்தில் ப்ளூஸ் இசை வேரூன்றக் காரணமான அந்தப் பெரியவரை 2024இல் சேர்த்தீர்கள். பதினைந்து வயது ஆண்டி ஃப்ரேசரைத் தன் ப்ளூஸ் பிரேக்கர்ஸ் குழுவில் சில வாரங்கள் பேஸ் கிதார் வாசிக்க வைத்த ஜான் மேயாலையும் அதே ஆண்டில் சேர்த்தீர்கள். அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தன் ஐலண்ட் நிறுவனத்தின் மூலம் வெளியிட்ட கிறிஸ் பிளாக்வெல் 2001 முதல் உறுப்பினர். அவர்கள் எவருடைய பாட்டைக் கேட்டு, எவருடைய பாட்டையே எடுத்து முதல் தட்டில் வாசித்தார்களோ அந்த ஆல்பர்ட் கிங்குக்கு 2013இல் இடம் கிடைத்தது. ராட்ஜர்ஸின் குரலைத் தனக்கு முன்மாதிரியாக வைத்துக்கொண்ட ரோனி வான் சான்ட்டின் லினர்ட் ஸ்கினர்ட் குழு 2006இலேயே வந்துவிட்டது. குரு உள்ளே, பெயர் வைத்தவர் உள்ளே, முதல் வேலை தந்தவர் உள்ளே, தட்டு போட்டவர் உள்ளே, கேட்டுக் கற்றவர்களும் உள்ளே. சுற்றி எல்லா வீடுகளிலும் விளக்கேற்றிவிட்டு நடுவீட்டை மட்டும் இருட்டில் விட்டிருக்கிறீர்கள்.

குழு உருவான கதையை நீங்கள் அறிவீர்கள். ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். லண்டனில் ஓர் இசைக்கருவிக் கடையில் விற்பனைப் பையனாக இருந்த காஸாஃப், ஃபின்ஸ்பரி பார்க் பகுதியில் ஒரு ப்ளூஸ் கிளப்பில் ராட்ஜர்ஸ் பாடுவதைக் கேட்டுத் தானும் மேடையேறி வாசித்தார். ராட்ஜர்ஸ் வடகிழக்கே மிடில்ஸ்பரோ என்ற இரும்பாலை ஊரிலிருந்து வந்தவர். காஸாஃபும் கிர்க்கும் முன்பே பிளாக் கேட் போன்ஸ் என்ற குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். 1968 ஏப்ரலில் பேட்டர்சீ பகுதியின் நாக்ஸ் ஹெட் மதுக்கூடத்தில் நால்வரும் சேர்ந்தபோது ராட்ஜர்ஸுக்கும் கிர்க்குக்கும் வயது 18, காஸாஃபுக்கு 17, ஃப்ரேசருக்கு 15. நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் வயது.

அடுத்த ஆண்டு வந்த ‘டன்ஸ் ஆஃப் சாப்ஸ்’ தட்டு அந்த வயதுக்கேற்ற முரட்டுத்தனத்தோடு இருக்கிறது. ‘தி ஹன்டர்’ பாட்டில் கிதாரும் குரலும் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு போகின்றன. அதை நான் இரசிக்கிறேன் என்றாலும், அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் அப்படி வாசித்த குழுக்கள் பல இருந்தன. ஃப்ரீ வேறொன்றாக ஆனது 1970 ஜூனில் வெளிவந்த ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ தட்டில்தான். மொத்தம் ஏழே பாடல்கள், ஏறத்தாழ 35 நிமிடங்கள். மற்றவர்கள் ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் சுரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அவர்களுக்குக் கனம் என்பது ஓசையின் அளவில் இல்லை, ஓசைக்கும் ஓசைக்கும் நடுவே விடப்பட்ட இடத்தில் இருந்தது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். எங்கள் பெரிய வித்வான்களைப் பற்றிப் பேசும்போது விச்ராந்தி என்ற சொல்லைப் பயன்படுத்துவோம். அவசரமின்றி, ஒரு சுரத்தில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு அடுத்ததற்கு எழுந்து போவதைக் குறிக்கும் சொல் அது. இருபது வயது நிரம்பாத ஆங்கிலேயப் பையன்களிடம் அந்த விச்ராந்தி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

உலகமெல்லாம் அறிந்த ‘ஆல் ரைட் நௌ’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் சரணங்களில் பேஸ் கிதார் கிடையாது. காஸாஃபின் கிதார், டிரம்ஸ், குரல் மூன்று மட்டுமே. கேட்பவருக்கு அங்கே ஏதோ குறைகிறது என்று தெரியாது. ஆனால் உடம்புக்குத் தெரியும். பல்லவி வரும் கணத்தில் ஃப்ரேசர் நுழையும்போதுதான், இத்தனை நேரமும் தரையில்லாமல் நின்றிருந்தோம் என்பது விளங்குகிறது. பாட்டு தொடங்கியதும் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டு, தனக்கான இடம் வந்ததும் ஒரே ஒரு ‘தொம்’ சொல்லி அரங்கத்தை நிமிரவைக்கும் மிருதங்கக்காரரின் விவேகம் அது. ஃப்ரேசருக்கு அப்போது 17 வயது. அந்தப் பாட்டின் இரண்டு ஆசிரியர்களில் அவரும் ஒருவர். டர்ஹம் நகரில் ஒரு நிகழ்ச்சி சோபிக்காமல் போய், மேடையை விட்டு இறங்குவதற்குள் கைதட்டல் அடங்கிவிட்ட இரவில், சோர்ந்துபோயிருந்த தோழர்களைத் தேற்றுவதற்காக உடைமாற்றும் அறையில் ஃப்ரேசர் முணுமுணுக்கத் தொடங்கியதிலிருந்து அது பிறந்தது என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2ஆம் இடம், அமெரிக்காவில் 4ஆம் இடம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு வாத்தியக் குழு இன்றும் கால்பந்து ஆட்டங்களில் அதைத்தான் தன் வெற்றிப் பாட்டாக முழக்குகிறது. பாடியவர் உங்கள் மண்டபத்தில் இருக்கிறார். அவரோடு சேர்ந்து இயற்றியவர் இல்லை.

காஸாஃபைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூடுதல் இடம் வேண்டும், பொறுத்தருளுங்கள். சிறுவயதில் சில ஆண்டுகள் கிளாசிக்கல் கிதார் பயின்ற அவர், விரைவாக வாசிக்கத் தெரிந்தும் விரையாதவர். ஒரு தந்தியை இழுத்து ஒரு சுரத்தை அடைந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவமாட்டார். அங்கேயே நின்று அதை அசைத்துக்கொண்டிருப்பார். மேற்கத்திய இசைக்காரர்கள் இதை வைப்ராட்டோ என்கிறார்கள். எங்கள் கமக வகைகளில் கம்பிதம் என்று ஒன்று உண்டு. ஒரே சுரம், ஆனால் நிலையாக நிற்காமல் காற்றில் ஆடும் சுடரைப் போல நடுங்கிக்கொண்டிருப்பது. காஸாஃபின் லெஸ் பால் கிதாரில் நான் கேட்பது அதைத்தான். 1969இல் பிளைண்ட் ஃபெய்த் குழுவுடன் அமெரிக்காவைச் சுற்றியபோது அந்தக் குழுவின் புகழ்பெற்ற கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனே அவரிடம் வந்து, இதை எப்படிச் செய்கிறாய் என்று கேட்டதாக இரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கிளாப்டனை நீங்கள் மூன்று முறை மண்டபத்தில் சேர்த்திருக்கிறீர்கள் என்பதை இடையில் ஒரு வார்த்தையாகச் சொல்லி வைக்கிறேன்.

நான் இந்தக் குழுவை முதலில் கேட்டது 1980களின் கடைசியில், சென்னையில், ஒரு 90 நிமிட கேசட்டில். கப்பலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் எங்கோ ஒரு துறைமுகத்தில் பதிந்துகொண்டு வந்தது. ஒரு பக்கத்தில் ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ முழுவதும் இருந்தது. மிச்சமிருந்த பத்து நிமிடத்தை வீணாக்க மனமில்லாமல் வேறு இரண்டு மூன்று பாட்டுகளையும் பதிந்திருந்தார். கடைசியாக வந்த ‘தி ஹன்டர்’ நடுவில் நாடா தீர்ந்து, காஸாஃபின் கிதார் ஏறிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று நின்றுவிடும். அதன் பிறகு என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. இன்றும் அந்தப் பாட்டைக் கேட்கும்போது, அந்த இடம் வந்ததும் என் காது ஒரு கணம் கேசட்டுக்காகக் காத்திருக்கிறது.

பிறகு வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் மூன்று ஆண்டுகள் இருக்க நேர்ந்தது. ஃப்ரீயை வளர்த்த சீமை அது. நேரடித் தட்டின் பதிவுகள் 1970இல் சண்டர்லேண்டிலும் லண்டனை அடுத்த குரோய்டனிலும் எடுக்கப்பட்டவை. சண்டர்லேண்டில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு வேறெங்கும் கிடைத்ததில்லை என்று அங்குள்ளவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் கட்டும் துறையுமாக இருந்த ஊர். தந்தை, பாட்டன் எல்லோரும் அங்கே உழைத்தவர்கள். சனிக்கிழமைச் சந்தையில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் ஒருவரிடம் நான் ஃப்ரீயின் பெயரைச் சொன்னதும், கடையைப் பார்த்துக்கொள்ளும்படி அடுத்த கடைக்காரரிடம் சொல்லிவிட்டு என்னைத் தேநீர் குடிக்க அழைத்துப்போனார். அவருக்கு அந்த நிகழ்ச்சியின்போது 16 வயது. என்னென்ன பாட்டுகள் பாடினார்கள் என்று கேட்டேன். அது நினைவில்லை என்றார். நினைவில் இருந்தது காஸாஃபின் முகம்: குள்ளமான உருவம், சிங்கப் பிடரி போன்ற முடி, கண்களை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தபடி, கிதாரிலிருந்து வரும் ஒலி தன் தொண்டையிலிருந்து வருவதைப் போல. “அந்தப் பையனுக்கு எங்கோ வலிக்கிறது என்று நினைத்தேன்” என்றார் அவர்.

அவருடைய மனைவியும் அந்த அரங்கில் இருந்தவர். இருவரும் அப்போது ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அந்த அம்மாவுக்கு நினைவிருந்தது ஃப்ரேசர். பள்ளிச் சீருடையை மாற்றிக்கொண்டு நேராக மேடைக்கு வந்தவர் போல இருந்தாராம். ‘மிஸ்டர் பிக்’ பாட்டின் நடுவில் கிதார் பின்வாங்க, பேஸ் கிதார் முன்னே வந்து தனி ஆவர்த்தனம் போல ஏறிக்கொண்டே போனபோது, கூட்டம் கைதட்டுவதை மறந்து நின்றதை அவர் சொன்னார். நேரடித் தட்டில் அந்தப் பாட்டு இருக்கிறது. இந்த அம்மா சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பேஸ் கிதார் என்பது பின்னால் நின்று தாளத்துக்குத் துணைபோகும் கருவி என்ற எண்ணம் அந்தச் சில நிமிடங்களில் தலைகீழாகிறது.

1970 ஆகஸ்ட் 30ஆம் நாள் வைட் தீவுத் திருவிழாவில் அவர்கள் வாசித்த படச்சுருள் உங்கள் ஆவணக் காப்பகத்தில் கட்டாயம் இருக்கும். அங்கே ஆறு இலட்சம் பேர் கூடியிருந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஃப்ரேசருக்கு அப்போதுதான் 18 முடிந்திருந்தது. அந்தக் கடலைப் பார்த்தும் அவர்கள் ஒரு சுரத்தையும் கூட்டவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. நாற்பது பேர் இருக்கும் மதுக்கூடத்தில் வாசிப்பதைப் போலவே வாசிக்கிறார்கள்.

அதன் பிறகான சரிவை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதே ஆண்டின் இறுதியில் வந்த ‘ஹைவே’ எனக்கு மிகவும் பிடித்த தட்டு என்றாலும், இங்கிலாந்துப் பட்டியலில் 41ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ‘தி ஸ்டீலர்’ என்ற அருமையான பாட்டு எடுபடவே இல்லை. 1971இல் ஜப்பான், ஆஸ்திரேலியப் பயணத்தின் முடிவில் குழு பிரிந்தது. காஸாஃப் போதைப் பழக்கத்தில் மூழ்கத் தொடங்கியிருந்தார். அவரைக் கரையேற்றலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் 1972இல் மீண்டும் கூடினார்கள். அந்த ஆண்டின் ‘ஃப்ரீ அட் லாஸ்ட்’ தட்டில் களைப்பு தெரிகிறது என்பதை நான் மறைக்கமாட்டேன். பிறகு ஃப்ரேசர் விலகினார். ஜப்பானியரான டெட்சு யாமவுச்சியும் ஜான் ‘ராபிட்’ பண்ட்ரிக்கும் வந்து சேர்ந்தார்கள். 1973இல் ‘ஹார்ட்பிரேக்கர்’ வெளிவந்தபோது காஸாஃபின் பெயர் அட்டையில் குழு உறுப்பினராக அச்சிடப்படவில்லை. கூடுதல் இசைஞர்கள் என்ற வரிசையில் போட்டிருந்தார்கள். தான் தொடங்கிய குழுவின் கடைசித் தட்டில், வீட்டுக்குரியவர் விருந்தாளியின் பட்டியலில் இருந்தார். ஆனால் ‘கம் டுகெதர் இன் தி மார்னிங்’ பாட்டில் அவருடைய கிதாரைக் கேட்டால், அந்தத் தட்டில் யார் விருந்தாளி என்பது விளங்கிவிடும்.

1976 மார்ச் 19ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் காஸாஃப் இறந்தார். வயது 25. அவருடைய தந்தை டேவிட் காஸாஃப் இங்கிலாந்து அறிந்த நடிகர். தன் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைப் போதைப்பொருளுக்கு எதிராகப் பேசுவதில் கழித்தார். பிள்ளையின் பாட்டைப் பற்றிப் பேசவேண்டிய மேடைகளில் பிள்ளையின் சாவைப் பற்றிப் பேசவேண்டியிருந்த அந்தத் தந்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஆண்டி ஃப்ரேசர் 2015 மார்ச் 16ஆம் நாள் கலிஃபோர்னியாவில் காலமானார், வயது 62. கரீபிய வழிவந்த தந்தைக்கு லண்டனில் பிறந்த அவர், ஃப்ரீக்குப் பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1978இல் ராபர்ட் பாமர் பாடிப் புகழ்பெற்ற ‘எவ்ரி கைண்டா பீப்பிள்’ அவர் எழுதியதே.

உங்கள் கூட்டங்களில் ஃப்ரீக்கு எதிராக என்ன சொல்லப்பட்டிருக்கக்கூடும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரே ஒரு பாட்டால் அறியப்பட்ட குழு என்பார்கள். 1971இல் ‘மை பிரதர் ஜேக்’ இங்கிலாந்தில் 4ஆம் இடத்துக்கும், 1973இல் ‘விஷ்ஷிங் வெல்’ 7ஆம் இடத்துக்கும் வந்தன என்று பதில் சொல்லலாம். ஆனால் அந்தக் கணக்குக்குள் போக நான் விரும்பவில்லை. உங்கள் மண்டபம் விற்பனைப் பட்டியலின் மறுபதிப்பாக இருந்தால் அதற்கு ஒரு பரிந்துரைக் குழுவே தேவையில்லை. ஐந்தாண்டு மட்டுமே வாழ்ந்த குழு என்பது இரண்டாவது மறுப்பாக இருக்கலாம். கிரீம் அதைவிடக் குறைந்த காலமே இருந்தது. 1993இல் அவர்களைச் சேர்த்தீர்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் வெளியிட்ட ஸ்டுடியோ தட்டு ஒன்றே ஒன்று. 2006இல் அவர்களைச் சேர்த்தீர்கள், அவர்கள் வர மறுத்தும் சேர்த்தீர்கள். ஃப்ரீ ஆறு ஸ்டுடியோ தட்டுகளை விட்டுச்சென்றது. முதல் தட்டு வெளியாகி 25 ஆண்டு முடிந்திருக்கவேண்டும் என்பது உங்கள் விதி. அந்தத் தகுதி அவர்களுக்கு வந்து 30 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு, அதைத்தான் நான் அஞ்சுகிறேன். ராட்ஜர்ஸையும் கிர்க்கையும் ஏற்கெனவே கௌரவித்தாகிவிட்டதே, இனி எதற்கு என்பது அது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லமாட்டார்கள். ஒரு பட்டியலில் இடம் குறைவு, வாசலில் நிற்பவர்கள் பலர் என்ற நியாயமான கவலை அதன் பின்னால் இருக்கும். ஆனால் இதே தவற்றை நீங்கள் முன்பு செய்து, நீங்களே திருத்தியும் இருக்கிறீர்கள். ஸ்மோக்கி ராபின்சனை 1987இல் தனியாகச் சேர்த்தபோது மிரக்கிள்ஸ் குழுவை விட்டுவிட்டீர்கள். படி ஹாலியைச் சேர்த்தபோது கிரிக்கெட்ஸை விட்டீர்கள். ஜேம்ஸ் பிரவுனைச் சேர்த்தபோது ஃபேமஸ் ஃபிளேம்ஸை விட்டீர்கள். 2012இல் ஒரு தனிக்குழு அமைத்து, அப்படி விடுபட்ட ஆறு குழுக்களை ஒரே ஆண்டில் சேர்த்தீர்கள். முன்னால் நின்றவர் மட்டும் உள்ளே, தோள்கொடுத்தவர்கள் வெளியே என்ற நிலை சரியன்று என்பதை ஒப்புக்கொண்ட செயல் அது. அதே ஆண்டில் ஸ்மால் ஃபேசஸ், ஃபேசஸ் என்ற இரண்டு குழுக்களை, ஒன்று மற்றொன்றிலிருந்து கிளைத்தது என்பதால், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் சேர்த்தீர்கள். ஆகவே நான் கேட்பதற்கு வழியும் இருக்கிறது, முன்னுதாரணமும் இருக்கிறது. பொதுமக்கள் வாக்கு என்ற ஒன்றை வைத்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வாக்களிக்க வழி. அந்த முதல் வாசலின் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். பேட் கம்பெனியின் மிக் ரால்ஃப்ஸ் தன் பெயர் அறிவிக்கப்பட்டதைக் கேட்டார். ஆனால் 2025 ஜூன் 23ஆம் நாள் காலமாகிவிட்டதால் விழாவைக் காணவில்லை. ராட்ஜர்ஸ் உடல்நலம் கருதி வரவில்லை. கிர்க் வந்தார். ஃப்ரீயின் நால்வரில், அந்த மதுக்கூட நாள் எப்படி இருந்தது, டர்ஹமில் என்ன நடந்தது, காஸாஃப் சிரிக்கும்போது எப்படி இருப்பார் என்றெல்லாம் மேடையேறிச் சொல்லக்கூடியவர்கள் இப்போது இருவர் மட்டுமே. இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். சண்டர்லேண்ட் அரங்கில் நின்றிருந்த பையன்களும் பெண்களும் அதே வயதை எட்டிவிட்டார்கள்.

எனவே அடுத்த பரிந்துரைப் பட்டியலைத் தயாரிக்க நீங்கள் கூடும்போது ஃப்ரீயின் பெயரை முன்வைக்கவேண்டும் என்றும், அவ்வாறு முன்வைக்கும்போது 1968இல் தொடங்கிய நால்வரையும் உறுப்பினர்களாகக் குறிப்பிடவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். யாமவுச்சி, பண்ட்ரிக் இருவரையும் சேர்ப்பதா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். சேர்த்தால் நான் மகிழ்வேன். வழக்கமான வாக்கெடுப்பில் அது நடவாது என்று கருதினால், 2012இல் செய்ததைப் போலத் தனிக்குழு ஒன்றை அமைத்துச் செய்யுங்கள். எந்த வழியாக வந்தாலும், பலகையில் காஸாஃபின் பெயருக்கு முன்னால் ‘கூடுதல்’ என்ற சொல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஓர் இரசிகன்